நான்காவது கையெழுத்து

கனடாவின் ஸ்காபரோவில் பாணும் பணிஸும் செய்து கடைகளுக்கு அனுப்புகிற பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில், பெட்டி கட்டும் பகுதியில், கியோ சொவண்ணா இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். கம்போடியாக்காரி. வயது ஐம்பத்துமூன்று. பக்கத்தில் நின்றால் மற்றவர்களின் தோளுக்குத்தான் வருவாள். வாயைத் திறந்தால் மட்டும் பாண் சுடுகிற போறணைப் பக்கம் வரைக்கும் கேட்கும். பெட்டி அடுக்குகள் லொறியில் ஏறுவதற்கு முன் அவற்றில் ஒட்டியிருக்கிற இலக்கத்தையும் தன் கையிலிருக்கிற தாளில் உள்ள இலக்கத்தையும் உரக்க வாசிப்பாள். இதை மனதுக்குள் வாசித்தால் ஆகாதா என்று கேட்காத சூப்பவைசர் அங்கே இருந்ததில்லை.

"மனசுக்குள்ள வாசிச்சால் எனக்கு மட்டும்தானே தெரியும்," என்பாள்.

அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தார். ஒருவருக்குப் பட்டம் வைக்காமல் விட்டால் நம்மவர்களுக்குச் சோறு செமிக்காது. சொவண்ணாவுக்கு 'இலக்கம்' என்று பட்டம். இலக்கம் வந்திட்டுது, இலக்கத்துக்கு இண்டைக்கு லீவு, என்று ஒரே பகிடி. வைத்தவள் அதே பகுதியில் வேலை செய்கிற புனிதவதி. ஒருநாள் கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்ட பணிஸ், கச்சான் இல்லை என்று எழுதிய பெட்டிகளில் ஏறிவிட்டது. இலக்கம் பொருந்தவில்லை என்று சொவண்ணா போட்ட சத்தத்தில் லொறி வாசலிலேயே நின்றது. போயிருந்தால் கச்சான் ஒத்துக்கொள்ளாத எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்குமோ! அன்றைக்குப் புனிதவதி தான் வைத்த பட்டத்தைத் தானே எடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். அந்த மேசையில் தொடங்கிய சினேகிதத்துக்கு இப்போது பதினாறு வயது. சொவண்ணாவுக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல் 'அக்கா'. அதைக்கூட அவள் உரக்கத்தான் சொல்வாள்.

இருவரும் கதைப்பது தொழிற்சாலை இங்கிலிஷில். அதில் இலக்கணம் கிடையாது, விளங்காமல் போனதும் கிடையாது. இங்கே அதை நம்முடைய பேச்சிலேயே கேட்டுக்கொள்ளலாம். கம்போடியர்களின் கெமர் மொழியில் நடந்த பேச்சையும் அப்படியே.

அந்த வாசிக்கிற பழக்கம் அவளுக்குத் தொற்றிய கதை பேக்கரிக்கு வெகு முந்தியது.

கொம்பொங் சாம் மாகாணத்தில் அவள் பிறந்து நாலு வயதானபோது கெமர் ரூஜ்காரர் நாட்டைப் பிடித்தார்கள். மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள். எந்தக் கம்போடியரைக் கேட்டாலும் இந்தக் கணக்கை ஒரே மூச்சில் சொல்லுவார். சைக்கிள் திருத்துகிற அவளுடைய அப்பாவைக் கூட்டம் ஒன்றுக்கு வரச்சொல்லிக் கூட்டிப் போனார்கள். கூட்டம் முடிந்து அவர் வரவில்லை. நாலைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரு சனமே செத்துப்போனது. மிஞ்சியவர்கள் எழும்பி நின்று, மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் வைத்தார்கள். சொவண்ணா ஒன்பது வயதில் கரித்துண்டால் முதல் எழுத்தை எழுதினாள். அதற்குப் பிறகும் பத்து வருடம் அந்நியப் படை, எல்லை முகாம்கள், உள்நாட்டுச் சண்டை. கடைசியில் 1991 ஒக்ரோபர் 23ஆம் திகதி பாரிஸில் பல நாடுகள் கூடி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தன. அதில் கனடாவும் ஒன்று. இனி இந்த நாட்டைச் சனமே வாக்குப் போட்டு ஆளட்டும் என்பதுதான் அதன் சாரம்.

1993 மே மாதம் ஆறு நாள் அந்தத் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடியில் வேலை செய்ய எழுத வாசிக்கத் தெரிந்த இளம் ஆட்களை ஐக்கிய நாடுகள் சபை சேர்த்தபோது, இருபத்திரண்டு வயதுச் சொவண்ணாவும் போனாள். மாலையில் பெட்டியைப் பூட்டி, அந்தப் பூட்டின் இலக்கத்தை எல்லாக் கட்சி ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். காலையில் பெட்டி திரும்பி வந்ததும் அதே இலக்கத்தை மறுபடி வாசிக்க வேண்டும். இதுதான் அவளுக்குத் தந்த வேலை. வாக்களிக்க வருகிறவர்களைக் கொல்லுவோம் என்று காட்டில் இருந்த கெமர் ரூஜ்காரர் மிரட்டியிருந்தார்கள். தூரத்தில் வெடிச்சத்தமும் கேட்டது. என்றாலும் சனம் வந்தது. விடியமுன் வந்தது, மழையில் நனைந்து வந்தது, கலியாணத்துக்கு எடுத்து வைத்த பட்டுத்துணியைக் கட்டிக்கொண்டு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வந்தார்கள். ஒரு கிழவர் வாக்குப் போட்டுவிட்டு, நாளைக்கும் வரலாமா என்று கேட்டார். சொவண்ணா சிரித்தாள், பிறகு அழுதாள். அந்த ஆறு நாளையும் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்த நாட்கள் தன் வாழ்க்கையில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள்.

எண்ணி முடிந்தது. ஒரு கட்சி வென்றது, மற்றது தோற்றது. தோற்றவர்கள் கதிரையை விட மாட்டோம் என்றார்கள். சொவண்ணாவின் மாகாணத்தையும் சேர்த்துக் கிழக்கைப் பிரித்துக்கொண்டு போவோம் என்று ஒரு மிரட்டல் வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள்: வென்றவர் முதலாம் பிரதமர், தோற்றவர் இரண்டாம் பிரதமர். ஒருவருடைய முகமும் கறுக்காத முடிவு. சனம் கை தட்டியது. சொவண்ணாவும் தட்டினாள். இரண்டு பிரதமர், அமைச்சுக்கு இரண்டு கதிரை, இரண்டு முத்திரை, கடைசியில் இரண்டு படை. நாலு வருடத்தில், 1997 ஜூலையில், அந்த இரண்டும் தலைநகரின் தெருக்களில் சுட்டுக்கொண்டன. அங்கே கட்சிக் காரியாலயம் ஒன்றில் காவலுக்கு நின்ற அவளுடைய ஒரே அண்ணன் வுத்தி திரும்பவில்லை. சொவண்ணா தாய்லாந்து எல்லையைத் தாண்டினாள்.

அங்கிருந்து அவளைக் கனடாவுக்கு எடுத்தவர் லெங் ஸாவுத்.

ஸாவுத் ரொறன்ரோவில் கெமர் மக்கள் ஒன்றியத்தைத் தொடங்கியவர், தலைவர், கடிதம் எழுதுகிறவர், தேவைப்பட்டால் மேசை கதிரை தூக்குகிறவரும் அவர்தான். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கெமர் ரூஜ் காலத்தில் படித்தவன் என்று தெரிந்தால் உயிர் போகும். ஆகையால் மாட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டார். சந்தேகப்பட்ட ஒருவன் ஒருநாள் பென்சிலைக் கையில் கொடுத்து, பெயரை எழுது என்றான். ஸாவுத் பென்சிலை மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பது போலப் பொத்திப் பிடித்து, தாளைக் கிழித்து, அசடு வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பால் தப்பினார். இங்கே வந்து கார்ப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் உழைத்தார். வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கெமர் எழுத்துப் படிப்பித்தார்.

சொவண்ணாவின் அகதிப் பத்திரங்களை ஒன்றியத்தின் பெயரில் நிரப்பியவர் அவர். ஜனவரிக் குளிரில் விமான நிலையத்துக்குத் தன் மனைவியின் மண்ணிறக் கோட்டோடு வந்து நின்றவர். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் அவளுக்கு அறை பிடித்துத் தந்தவரும் அவர். அந்தக் கோட்டை அவள் பதினொரு மாரிக் குளிருக்குப் போட்டாள். அவரை 'பூ' என்று கூப்பிடுவாள். கெமரில் அது சித்தப்பா முறை. அப்பாவின் முகமே அவளுக்கு ஞாபகமில்லை. அப்பா என்று நினைத்தால் ஸாவுத்தின் முகம்தான் வரும்.

வருடாவருடம் ஒக்ரோபர் 23இல் ஒன்றியத்தார் குயின்ஸ் பார்க்கில், மாகாணப் பாராளுமன்றத்துக்கு முன்னால், பதாகையோடு நிற்பார்கள். ஒட்டாவாவுக்குப் போய் நிற்பதுதான் முறை, ஆனால் அவ்வளவு தூரம் போக எல்லோருக்கும் லீவு கிடைக்காது. பாரிஸில் வைத்த கையெழுத்தைக் கனடா மறக்கக்கூடாது, எங்கள் நாட்டில் நேர்மையான தேர்தல் வேண்டும், எதிர்க்கட்சி இல்லாத நாடு நாடாகாது என்று ஸாவுத் பேசுவார். போன வருடம் அப்படி நின்றபோதுதான் சொவண்ணாவுக்கு ஒன்று உறைத்தது. ஒன்றியம் தொடங்கி இருபத்தெட்டு வருடம். இருபத்தெட்டு வருடமும் ஸாவுத்தான் தலைவர். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்வார், எல்லோரும் கை உயர்த்துவார்கள், பிறகு சாப்பாடு.

அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னாள்.

"அங்க வேணுமெண்டு கேக்கிற தேர்தலை நாங்கள் இங்க ஒருக்காலும் நடத்தேல்லையே, பூ."

ஸாவுத் அவள் பக்கம் திரும்பினார். "நடத்துவம்," என்றார். "நீயே நடத்து பிள்ளை. உனக்குத்தான் பழக்கம்." தோற்பேன் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவர் தோற்பார் என்று சொவண்ணாவும் நினைக்கவில்லை.

தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவள் சும் கனிகா. எல்லை முகாமில் பிறந்து இங்கே வளர்ந்தவள், நாற்பத்தொரு வயது, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஸாவுத்திடம்தான் கெமர் எழுத்துப் படித்தாள். படித்ததைக் கொண்டு ஒன்றியத்தின் யாப்பை, அதன் சட்டதிட்டங்களை, முழுதாக வாசித்துப் பார்த்தவளும் அவள் ஒருத்திதான்.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கையில் சொவண்ணா மதிய மேசையில் புனிதவதியைப் பிடித்தாள்.

"அக்கா, வாற ஞாயிறு வேலையோ?"

"இல்லை. ஏன்?"

"எங்கட எலெக்ஷன். பக்கத்தில இருந்து பாக்க வெளி ஆள் ஒராள் வேணும். எங்கட ஆக்கள் எண்டால் ஆரோ ஒரு பக்கத்துக்குச் சொந்தமாய்த்தான் இருப்பினம்."

"உங்கட எழுத்தே எனக்குத் தெரியாதே. நான் அங்க வந்து என்னத்தைப் பாக்கிறது?"

"சீட்டில படம் இருக்கு. அவருக்குப் பனைமரம், அவவுக்குத் தாமரைப்பூ. நான் வாசிக்கிறதும் பேப்பரில இருக்கிறதும் ஒண்டோ எண்டு பாத்தால் போதும். முடிஞ்சாப் பிறகு ஒரு கையெழுத்து."

"பனையோ! அப்ப நான் பனைக்குத்தான்."

"நீங்கள் போடேலாது அக்கா."

புனிதவதி வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கட ஊர்ச் சங்கத்துக்கு மூண்டு தரம் எலெக்ஷன் வைச்சம். இப்ப எங்களிட்ட மூண்டு சங்கம் இருக்கு. எதுக்கும் யோசிச்சுச் செய்யும்." என்று சொன்னாலும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

ஜேன் வீதிப் பக்கம் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபம். செப்ரெம்பர் மாத ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குச் சொவண்ணா வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, பூட்டி, இலக்கத்தை வாசித்தாள். புனிதவதி எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். கிழவிகள் பட்டுடுத்து வந்தார்கள். தடியூன்றி வந்தார்கள், பேரப்பிள்ளையின் காரில் வந்தார்கள், இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அந்த வரிசையைப் பார்க்கச் சொவண்ணாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னுடைய முறை வந்ததும் அவளும் மறைப்புக்குள் போய், பனைமரத்துக்கு நேரே கோடு போட்டாள். வேறு எதற்குப் போட அவளுக்குக் கை வரும்?

மாலை நாலு மணிக்கு இலக்கத்தை மறுபடி வாசித்துப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு சீட்டையும் தலைக்கு மேலே பிடித்து, நாலு பக்கமும் திரும்பிக் காட்டி, பனை, தாமரை, தாமரை, பனை என்று அடித்தொண்டையில் சொன்னாள். புனிதவதி பலகையில் கோடு கீறினாள். இரண்டாம் தரமும் எண்ணினார்கள். மொத்தம் நூற்றியெழுபத்தொன்று. செல்லாதது ஒன்று. பனை எண்பத்துமூன்று. தாமரை எண்பத்தேழு.

ஒருவரும் கை தட்டவில்லை. ஸாவுத் முன்வரிசையில் இருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிகா, வென்றவள், ஏதோ பிழை செய்து பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

பொருளாளர் எழும்பினார். நல்ல மனிதர், சண்டைக்குப் பயந்தவர். "நாலு வாக்குத்தானே," என்றார். "இதுக்காகப் பெரியவரின்ர முகத்தை நாங்கள் கறுக்க வைக்கலாமோ? ரெண்டு தலைவர் இருக்கட்டும். அவர் முதலாம் தலைவர், கனிகா ரெண்டாம் தலைவர். ஒன்றியமும் உடையாது."

மண்டபம் முழுவதும் பெருமூச்சு விட்டது. கை தட்டல் தொடங்கியது. கனிகா ஓடி வந்து ஸாவுத்துக்கு முன்னால் குனிந்து கைகூப்பினாள். "எனக்குச் சம்மதம் பூ. உங்களுக்கு முன்னால நான் தனியத் தலைவர் எண்டு இருக்க மாட்டன்." கை தட்டல் இன்னும் கூடியது. புனிதவதிக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. மூன்று சங்கக்காரி அல்லவா! "நல்ல முடிவு," என்று சொவண்ணாவின் காதில் சொன்னாள். "எங்கட ஆக்களுக்கு உந்தப் புத்தி வரேல்லையே."

முடிவுத்தாள் சொவண்ணாவின் முன்னால் இருந்தது. தெரிவான தலைவர் என்று ஒரு வரி. கீழே நாலு கையெழுத்துக்கு இடம்: தேர்தல் அதிகாரி, பார்வையாளர், வென்ற வேட்பாளர், தோற்ற வேட்பாளர். பொருளாளர் குனிந்து, "ரெண்டு பேரையும் எழுது," என்றார்.

சொவண்ணா பேனையின் மூடியைப் பூட்டினாள். எழுதினால் எல்லோரும் சந்தோசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், ஸாவுத் அவளுக்குத் தகப்பனாகவே இருப்பார். எழுதாவிட்டால் அவர் போய்விடுவார். அதுவும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏலாது," என்றாள்.

கை தட்டல் நின்றது.

"நான் இதை ஒருக்கால் பாத்திருக்கிறன். நீங்களும் பாத்தனீங்கள். முதலாம் பிரதமர், ரெண்டாம் பிரதமர். நல்ல முடிவு எண்டு நானும் கை தட்டினன். நாலு வருசத்தில என்ர அண்ணன் செத்தான். அந்த மழைக்குள்ள வந்து வாக்குப் போட்ட சனம் போட்டது ஒரு ஆளுக்கு. எண்ணி முடிஞ்சாப் பிறகு ஆரோ அறைக்குள்ள இருந்து அதைப் பாதியாய் வெட்டினவை. எங்கட நாடு அண்டைக்குத்தான் கெட்டது."

"இது நாடில்லை சொவண்ணா, ஒரு மண்டபம்," என்றார் பொருளாளர்.

"மண்டபத்திலயே ஏலாட்டி நாட்டில எப்பிடி ஏலும்?" அவள் கனிகாவின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, உனக்கு எண்பத்தேழு பேர் போட்டிருக்கினம். அவையின்ர வாக்கைப் பாதியாக்கிக் குடுக்க அது உன்ர சொத்தோ? ஒவ்வொராளாய்ப் போய்க் கேட்டனியோ?" அவள் மண்டபத்தைப் பார்த்தாள். "நான் ஆருக்குப் போட்டனான் எண்டு சொல்லக்கூடாது. என்ர முகத்தைப் பாத்தால் உங்களுக்கே தெரியும். ஆனால் நான் எண்ணினது எண்ணினதுதான்."

தாளில் கனிகாவின் பெயரை எழுதினாள். எழுதியதை உரக்க வாசித்தாள். கையெழுத்து வைத்தாள்.

ஸாவுத் எழும்பினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். படியேறி வெளியே போனார். அவருடைய கதிரையைப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. அடுத்த கையெழுத்து புனிதவதியுடையது. அவள் சொவண்ணாவின் கண்ணீர் ஓடுகிற முகத்தைப் பார்த்தாள், பலகையில் தான் கீறிய கோடுகளைப் பார்த்தாள், தமிழில் தன் பெயரை முழுதாக எழுதினாள். கனிகா தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூன்றாவதை வைத்தாள். நான்காவது இடம் வெறுமையாக இருந்தது.

அது இல்லாமலும் தாள் செல்லும் என்று யாப்பில் இருக்கிறது. யாப்பு அப்படிச் சொன்னாலும் சனத்தின் வாய் வேறு மாதிரிச் சொல்லியது. வளர்த்தவரை நடுத்தெருவில் விட்டவள் என்றார்கள். ஸாவுத் ரெலிபோனை எடுக்கவில்லை. செத்த முன்னோருக்குச் சோறு படைக்கிற பதினைந்து நாளும் விகாரையில் அவரைக் கண்டாள். அவர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். வாழையிலையில் சுற்றிய அரிசிப் பலகாரத்தை அவித்துக்கொண்டு போய் அவருடைய அப்பார்ட்மென்ற் கதவடியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் போனபோது பாத்திரம் அதே இடத்தில் திறக்காமல் இருந்தது.

பேக்கரி மேசையில் புனிதவதி கேட்டாள். "அப்ப வைச்ச கையெழுத்தை வாபஸ் வாங்கப் போறீரோ?"

"இல்லை."

"பேந்து ஏன் அழுறீர்?"

"ரெண்டையும் செய்யலாம் அக்கா."

புனிதவதி சோற்றுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "எங்கட மூண்டு சங்கமும் ஒண்டாகப் போகுதாம். எலெக்ஷன் வைக்க ஆளில்லை. நீர் வந்து எண்ணித் தாறீரோ?"

"முதல்ல உங்கட ஆக்கள் தோக்கப் பழகட்டும்," என்றாள் சொவண்ணா. அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

ஒக்ரோபர் 23 புதன்கிழமை வந்தது. சொவண்ணா லீவு போட்டாள். புனிதவதியும் பார்வையாளர் என்ற உரிமையில் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். குயின்ஸ் பார்க்கில் மேப்பிள் இலைகள் நனைந்து கிடந்தன, குளிர்காற்று பதாகையைப் பிடுங்கியது. எப்போதும் ஐம்பது பேர் வருகிற இடத்தில் அன்றைக்கு நூறு பேருக்கு மேல். தலைவர் பேசுகிற இடத்தில் கனிகா நின்றாள். கம்போடியாவின் பெயரைச் சொல்லி, 1991இல் கையெழுத்து வைத்த எல்லா நாடுகளையும் பார்த்து, வைத்த கையெழுத்தை மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். குரல் முதலில் தடுமாறியது, போகப்போகப் பிடித்துக்கொண்டது.

பேச்சு நடுவில் இருக்கும்போது, சுரங்க ரயில் பக்கமிருந்து ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். சனம் அவரைக் கண்டு முன்னால் வழி விட்டது. ஸாவுத் முன்னுக்குப் போகவில்லை. கடைசி வரிசையில், காற்றோடு ஒரு பெடியன் இழுபட்டுக்கொண்டிருந்த பதாகைக் கம்பைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். எழுபத்தேழு வயதுக் கைகள். பேச்சு முடியும்வரை பிடித்தார். எல்லோரையும் போலக் கை தட்டுவதற்காகக் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பிறகு சொவண்ணாவிடம் வந்தார். "பேப்பர் எங்க?"

மண்டபச் சுவரில் தொங்குவது பிரதி. மூலத்தாளை அவள் ஐந்து கிழமையாகக் கைப்பையில் கொண்டு திரிந்தாள். பிளாஸ்ரிக் உறையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். அவர் நான்காவது இடத்தைப் பார்த்தார். "திரும்பி நில் பிள்ளை," என்றார்.

தாளை அவளுடைய முதுகில் வைத்தார். பேனையை மூன்று விரலால், வாத்தியார் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். கிறுக்கவில்லை, சுருக்கவில்லை. ஒவ்வொரு கெமர் எழுத்தையும் அதன் கொம்போடும் சுழியோடும் முழுதாக எழுதினார். கோட்டுக்கு மேலாகப் பேனை நகர்வது அவளுக்குத் தெரிந்தது. எந்த எழுத்து என்றுகூடத் தெரிந்தது. எழுதத் தெரியாது என்று சொல்லி உயிர் தப்பிய மனிதர், தான் தோற்றதை நூறு பேர் பார்க்க எழுதினார்.

"எங்கட நாட்டில தோத்தவன் ஒருத்தன் தோத்தன் எண்டு கையெழுத்து வைச்சதை நான் என்ர வயசுக்குக் கண்டதில்லை," என்றார். "ஒராளாவது இருக்கட்டும்." தாளை அவளிடம் கொடுத்தார். "இப்ப வாசி. உனக்குத்தானே அது வேலை."

சொவண்ணா வாசித்தாள். "தேர்தல் அதிகாரி, கியோ சொவண்ணா. பார்வையாளர், புனிதவதி சண்முகநாதன். வென்ற வேட்பாளர், சும் கனிகா." அதற்கு மேல் அந்தப் பெரிய குரல் இறங்கிவிட்டது. "தோற்ற வேட்பாளர், லெங் ஸாவுத்," என்பது அவளுக்கே கேட்கவில்லை.

ஸாவுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். முதுகை நேராக்கிக்கொண்டு நின்றார்.

"கேக்கேல்லைப் பிள்ளை," என்றார். "என்ர பேரை இன்னும் பலமாய் வாசி."

அவள் மூச்சை இழுத்து வாசித்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கில் நின்ற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.